பிரித்தால் சேர்க்கத் தெரியும்!

"பிரிச்சுப் போட்டா யாரு கண்ணு சேக்கறது?"

இந்தக் கேள்வி காதில் விழாமல் வளர்ந்த பிள்ளை நம் ஊரில் உண்டா? ரேடியோவின் பின்மூடியைக் கழற்றப் போனபோது விழுந்தது. சைக்கிள் செயினைத் தொட்டபோது விழுந்தது. மிக்ஸியின் அடியில் இருக்கும் நாலு ஸ்க்ரூவை உற்றுப் பார்த்ததற்கே விழுந்தது. விழுந்து விழுந்து, கடைசியில் வீட்டில் யாரும் கேட்பதற்கு முன்பே நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தோம். அன்றைக்கு நம் கை மரத்துப்போனது.

அந்தக் கைக்கு மறுபடி உணர்வு வரவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். "உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தச் சூடு ஆறிவிடும். எனவே உன் வாசலில் நிற்கும் நூறு சிசி பைக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையமும், அதை அடுத்து ஒரு பேக்கிங்கும் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சிங்காநல்லூர் சிக்னல். மழை விட்டும் விடாத ஒரு மாலை. பின்னால் அம்மா. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாத வண்டி, நின்றதும் தானாக உறுமியது. ஆக்ஸிலரேட்டரை நான் தொடவே இல்லை. ஐடிலிங் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, பொசுக்கென்று அணைந்தது. பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. உதைக்கிறேன், உதைக்கிறேன், பிடிக்கவில்லை. அம்மா இறங்கி, ஒரு கையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் நடந்து ஓரமாகப் போய் நின்றாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தேன். ஒருவர் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி ட்யூன் செய்து கொடுத்தார். இரண்டு நாள் தாங்கியது. ஒருவர் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். அதற்குப் பிறகு இன்னும் மோசமானது. மூன்றாமவர் காது கொடுத்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, "போர் போயிருச்சுங்க தம்பி, இன்ஜினை இறக்கணும், எட்டாயிரம் ஆகும்" என்றார்.

அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பதின்மூன்று பதினான்கு வயதில் ஸ்பேனர் பிடித்த கைகள் அவை. நாளுக்குப் பதினைந்து வண்டி பார்க்கிறவரால் என் வண்டிக்கு ஐந்து நிமிடம் கொடுக்க முடியும். என்னால் மூன்று மணி நேரம் கொடுக்க முடியும். அந்த வண்டியின் சத்தத்தைத் தினமும் கேட்கிறவன் நான் ஒருவன்தான். இதை நீயும் நினைவில் வை. அனுபவத்தில் அவர் உன்னைவிட ஆயிரம் மடங்கு பெரியவர். ஆனால் உன் வண்டியோடு பழகியதில் உன்னைவிடப் பெரியவர் உலகத்தில் இல்லை!

அன்று இரவு வண்டியை வாசலில் ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டேன். இன்ஜின் சத்தத்துக்கு அடியில், மெல்லிய ஒரு சீறல். குக்கர் விசில் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அந்த "ஸ்ஸ்...". அதை எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே?

அப்பாருவின், அதாவது என் தாத்தாவின், கிணற்று மேட்டில்.

மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. அப்பாரு மோட்டாரைக் குற்றம் சொல்ல மாட்டார். கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு பைப்பின் ஜாயின்ட்டுகளில் ஒவ்வொன்றாகக் காதை வைத்துக்கொண்டு போவார். ஓர் இடத்தில் நின்று, "இங்க ஏர் எடுக்குது" என்பார். சாணியும் களிமண்ணும் குழைத்து அந்த ஜாயின்ட்டில் அப்புவார். சற்று நேரத்தில் தொட்டியில் தண்ணீர் குபுகுபுவென்று விழும். பம்பின் டெலிவரி பைப்பில் ஓட்டை என்றால் தண்ணீர் பீச்சி அடிக்கும், சின்னக் குழந்தைகூடக் காட்டிவிடும். உறிஞ்சு பைப்பில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். கண்ணை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் தெரியாது.

இன்ஜினும் ஒரு பம்புதான், தம்பி. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று கார்ப்பரேட்டர் வழியாக வரும்போது பெட்ரோல் அளந்து கலக்கப்படுகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. கார்ப்பரேட்டரைத் தாண்டிய பிறகு, பேக்கிங் இற்றுப்போன இடத்தில் வெளிக்காற்று நுழைந்தால், அந்தக் காற்றுக்குக் கணக்கு இல்லை. கலவை மெலிகிறது. ஐடிலிங் தறிகெட்டு ஏறி இறங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. காலையில் சோக் போட்டால்தான் கிளம்புகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், சாம்பல் கலந்த பழுப்பில் இருக்கவேண்டிய முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது.

சரி, ஓடும்போது ஏன் தெரியவில்லை? நின்றால் மட்டும் ஏன் தகராறு? ஐடிலிங்கில் காற்று வரும் வழி கிட்டத்தட்ட அடைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் இன்ஜின் பலமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இருக்கிற கொஞ்சக் காற்றில் ஓட்டை வழியாக வரும் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் நேர்வழியில் காற்று வெள்ளமாக வருகிறது; திருட்டுக் காற்று அதில் ஒரு சொட்டு. ஓட்டத்தில் ஒளிந்துகொண்டு, நின்றதும் தலைகாட்டும் நோய் இது. மூன்று கடையிலும் வண்டியை ஓட்டிப் பார்த்தும் நோய் பிடிபடாமல் போனது இதனால்தான்.

மனிதனுக்கும் ஏர் எடுக்கும் இடம் இப்படித்தான் இருக்கிறது. வேலை, ஓட்டம், கூட்டம் என்று இருக்கும்வரை தெரியாது. தனியாக நிற்கும்போது எங்கோ ஒரு ஜாயின்ட்டில், யாரோ என்றோ சொன்ன "உனக்கெதுக்கு இந்த வேலை" உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். அதை வெறும் வைராக்கியத்தால் அடைக்க முடியாது. எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்!

கண்டுபிடிப்போம், வா.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்து. மூடிய அறையில் இன்ஜினை ஓட்டாதே. அதன் புகை உயிர் குடிக்கும். பக்கத்தில் விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் கூடாது. ஒரு வாளி மணல் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். துப்பட்டாவும் லுங்கியும் தொங்காமல் இழுத்துக் கட்டு. இவை பயத்தின் அடையாளமல்ல. கவனம் உள்ளவனுக்குத்தான் துணிச்சல் நிலைக்கும்.

முதலில் ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்பு. திருப்பும்போது ஐடிலிங் மாறினால் குற்றவாளி ஆக்ஸிலரேட்டர் கேபிள், பேக்கிங்கை விட்டுவிடு. மாறவில்லையா? இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, சோப்புத் தண்ணீர் நிரப்பு. சிலர் இதற்குப் பெட்ரோலைச் சொட்டவிட்டுப் பார்ப்பார்கள். சூடான இன்ஜினில், ஓடும் வண்டியில், அதைச் செய்யவே செய்யாதே! சோப்புத் தண்ணீர் போதும். ஏர் ஃபில்டர் பக்கம் போகாமல், கார்ப்பரேட்டரும், அதை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு பீச்சு. காது கொடு. ஒன்றும் ஆகவில்லையா? மேனிஃபோல்டும் இன்ஜின் ஹெட்டும் சேரும் இடத்தில் இன்னொரு பீச்சு. பிறகு கீழ்ப்பக்கம், கண்ணுக்கு எட்டாத அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் மறைந்திருக்கும்.

என் வண்டியில் கார்ப்பரேட்டர் ஜாயின்ட்டின் கீழ்ப்பக்கம் தண்ணீர் பட்டதும், சீறல் சட்டென்று நின்றது. இன்ஜின் சுருதி இறங்கியது. ஒரு மூச்சு நேரம் வண்டி புது வண்டியாக ஓடியது. தண்ணீரை உறிஞ்சி முடித்ததும் மறுபடி "ஸ்ஸ்...". மறுபடி பீச்சினேன், மறுபடி நின்றது. மூன்றாம் முறையும் அதே இடம், அதே பதில். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எட்டாயிரம் ரூபாய்த் தீர்ப்பை ஒரு கையளவு தண்ணீர் தள்ளுபடி செய்துவிட்டது! மூன்று முறை ஒரே இடத்தில் ஒரே பதில் வந்தால் அதற்குப் பிறகு யாருடைய அபிப்பிராயமும் உனக்குத் தேவையில்லை. மூன்று முறை பீச்சியும் ஒன்றும் மாறவில்லை என்றால் அதுவும் பதில்தான். பைலட் ஜெட் அடைப்பு, டேப்பட் இடைவெளி என்று தேடலை வேறு பக்கம் திருப்பு.

"கண்டுபுடிச்சுட்டேம்மா!" என்று கத்தினேன். அம்மா வாசலுக்கு வந்தாள். ஸ்பேனரைப் பார்த்தாள். கேட்டாள்.

"பிரிச்சுப் போட்டா யாரு கண்ணு சேக்கறது?"

எங்கள் கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் கலங்கலில் 1893-இல் பிறந்த ஒரு பையனிடமும் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வியில் தூக்கம் போனவர் அவர். கோவைக்கு வந்து ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்து, காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கினார். வாங்கி, ஊர்வலம் போகவில்லை. பிரித்துப் போட்டார். திரும்பச் சேர்த்தார். ஜி. டி. நாயுடு படிப்பால் இன்ஜினியர் அல்ல. அந்தப் பிரித்துச் சேர்த்தலில்தான் இன்ஜினியர் ஆனார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே கட்டினார். பம்பு செட்டும் கிரைண்டரும் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பும் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு போல்ட்டுக்கு நாம் பயந்தால் அது அடுக்குமா?

"நாந்தாம்மா சேக்கறேன். செல்லுல லைட்ட மட்டும் அடிச்சுப் புடிங்க."

அம்மா பிடித்தாள்.

சேர்க்கத் தெரியுமா என்ற பயத்துக்கு மருந்து மிக எளிது. இன்ஜின் கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை காத்திரு. ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்னும் செல்போனில் ஒரு படம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை வரிசையாகப் பரப்பி, முதலில் வந்தது முதல் தாளில், அடுத்தது அடுத்த தாளில். திரும்ப மாட்டும்போது கடைசித் தாளிலிருந்து பின்னோக்கி வா. இவ்வளவுதான் சேர்க்கும் வித்தை! இதற்குப் பிறவி ஞானம் எதற்கு?

பெட்ரோல் காக்கை மூடு. கார்ப்பரேட்டரில் தங்கிய பெட்ரோலை ஒரு பாட்டிலில் வடித்துத் தூரமாக வை. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றித் தளர்த்து. கார்ப்பரேட்டர் கைக்கு வந்ததும், இன்ஜின் பக்கம் தெரியும் துளையில் உடனே ஒரு சுத்தமான துணியைச் செருகு. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் அதன் பிறகு கதையே வேறு. பழைய பேக்கிங் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதே. அலுமினியம் மிருதுவான உலோகம். நீ போடும் கீறலே அடுத்த ஓட்டை. பழைய பிளாஸ்டிக் ஸ்கேலின் முனை போதும்.

ரப்பர் வளையத்தை எடுத்துப் பார்த்தேன். உருண்டையாக, மெத்தென்று இருக்கவேண்டியது, தட்டையாகிக் கொட்டாங்கச்சி மாதிரி இறுகிக் கிடந்தது. இதை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இந்த இடத்தில்தான் உன்னை நிறுத்தி வைத்துப் பேச வேண்டும்.

கார்ப்பரேட்டரின் வாய்ப்பக்கத்தில், போல்ட் போகும் இரண்டு காதுகள் இருக்கும். அந்த முகத்தின் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அம்மாவைப் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கச் சொன்னேன். இரண்டு காதுகளின் மேலும் ஸ்கேல் முட்டி நின்றது. நடுவில், ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. நடுப்பகுதி பள்ளம், காதுகள் இன்ஜின் பக்கமாக வளைந்திருந்தன. ஏன்? காற்று கசிகிறது என்று சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும், நான் உட்பட, செய்தது ஒன்றுதான்: இறுக்கினோம். இன்னும் இறுக்கினோம். பலம் கொண்ட மட்டும் இறுக்கினோம். நடுவில் ரப்பர் வளையம் தாங்க, இரண்டு ஓரத்திலும் போல்ட் இழுக்க, மெல்லிய அலுமினியம் வில் மாதிரி வளைந்துவிட்டது. கசிவை நிறுத்த இறுக்கிய இறுக்கமே கசிவைப் பெரிதாக்கியது!

தம்பி, தங்கச்சி, இதை உன் வாழ்க்கையில் எத்தனை இடத்தில் செய்திருக்கிறாய்? பரீட்சையில் ஒரு பாடம் புரியவில்லை; எங்கே புரியவில்லை என்று பார்க்காமல் இன்னும் நாலு மணி நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தாய். வியாபாரத்தில் ஒரு கணக்கு இடித்தது. எங்கே இடிக்கிறது என்று தேடாமல் இன்னும் கடன் வாங்கிப் போட்டாய். தன்னம்பிக்கை என்ற பெயரில் பல்லைக் கடித்து இறுக்குவதையே நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். வளைந்த முகத்தை எந்தப் பலத்தாலும் ஒட்ட வைக்க முடியாது. அதைச் சமப்படுத்த வேண்டும்.

சமப்படுத்தினோம். பழைய போட்டோ பிரேமின் கண்ணாடியைச் சமதளத்தில் வைத்தோம். அதன்மேல் 400 நம்பர் வாட்டர் எமரி ஷீட், கொஞ்சம் தண்ணீர். கார்ப்பரேட்டரின் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசினேன். அதன் துளைகளை அடைத்துக்கொண்டு, ஷீட்டின்மேல் முகத்தைப் படியவைத்து எட்டு போட்டேன். லைசென்ஸ் வாங்கப் போகும்போது வண்டியில் போடுவோமே, அதே எட்டு, இங்கே கையால். பத்து எட்டு போட்டுத் திருப்பிப் பார்த்தால் இரண்டு காதுகளில் மட்டும் மை போயிருந்தது, மேடு அங்கேதான். இன்னும் பத்து, இன்னும் பத்து. மை மெல்ல மெல்ல நடுவை நோக்கிப் பின்வாங்கியது. கடைசிப் புள்ளி அழிந்த அந்த நிமிடத்தில் கையை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் தேய்த்தால் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தின் ஆழம் குறையும். 600 நம்பரில் நாலே நாலு எட்டு. பிறகு ஒரு தூசி இல்லாமல் கழுவித் துடைத்தேன். இப்போது ஸ்கேலை வைத்தால் வெளிச்சம் வரவில்லை. அம்மா செல்போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "எங்கயும் தெரியலயே" என்றாள்.

புது வளையமும் பேக்கிங்கும் அடுத்த நாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கினேன். பழையதைக் கையோடு எடுத்துப் போ. மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட அளவு வைத்து வாங்குவது மேல். கசிவுக்குப் பயந்து சிலிக்கான் பசையை அப்பாதே. சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். சமமான முகத்துக்கு நல்ல ரப்பர் வளையம் போதும்.

இனி இறுக்குவது. துணியை எடுத்துவிட்டாயா என்று முதலில் பார். இரண்டு போல்ட்டையும் விரலால் உட்கார வை. பிறகு இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று. இந்த அளவு போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஸ்பேனரைக் குட்டையாகப் பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்கு, தோளைச் சேர்க்காதே. போல்ட் உட்கார்ந்துவிட்டது என்று உள்ளங்கைக்குத் தெரியும். உன் கைக்கு அது தெரியும். அதை நம்பு!

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு வாங்கிய வண்டி உன்னுடையது என்றால் அநேகமாக அதில் கார்ப்பரேட்டர் இருக்காது. ஆனால் அங்கேயும் த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே ரப்பரும் பேக்கிங்கும் உண்டு; சோப்புத் தண்ணீர்ச் சோதனை அங்கேயும் பேசும். பெட்ரோல் பைப்பில் மட்டும் கை வைக்காதே, அதில் அழுத்தம் இருக்கிறது. காராக இருந்து ஸ்கேனரில் பி 0171 என்று வந்தால், கலவை மெலிந்திருக்கிறது என்று அதுவே சொல்கிறது. தேடும் இடங்களில் இன்டேக் பேக்கிங்கும் ஒன்று. இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அந்தக் காரை ஓட்டாதே, நேராகத் தெரிந்தவரைக் கூப்பிடு. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் கைக்கு வரும் அறிவுதான்.

எல்லாம் மாட்டியாயிற்று. கடைசிக் காலண்டர் தாள் காலியானது. ஒரு போல்ட்டும் மிச்சமில்லை. உதைத்தேன். வரவில்லை. இன்னொரு உதை. வரவில்லை. வயிற்றில் ஒரு கல் விழுந்தது. அம்மா பக்கம் திரும்பக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று கடைக்காரர்களும், அந்த பஸ்ஸும், சின்ன வயதிலிருந்து கேட்ட எல்லாக் குரல்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. உனக்கும் இந்த நிமிடம் வரும். கட்டாயம் வரும். அப்போது உதைப்பதை நிறுத்து. படங்களை முதலிலிருந்து பார். நான் பார்த்தேன். முதல் படத்திலேயே பெட்ரோல் காக் இருந்தது. மூடியதைத் திறக்கவில்லை.

திறந்தேன். கார்ப்பரேட்டர் நிரம்ப ஒரு நிமிடம் கொடுத்தேன். ஒரே உதை.

கையை எடுத்துவிட்டு நின்றேன். டுப் டுப் டுப் என்று ஒரே சீராக, ஏறாமல் இறங்காமல். குனிந்து காதை வைத்தேன். சீறல் இல்லை. பாட்டிலை எடுத்து அதே இடத்தில் பீச்சினேன். சுருதி அசையவில்லை.

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் ஆறவைத்து, இரண்டு போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், தளரவில்லை. பிளக்கின் முனையில் சாம்பல் கலந்த பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. அன்று மாலை வேலை முடிந்து வந்து வண்டியை உள்ளே ஏற்றும்போது, அம்மா சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"ஏங்கண்ணு, இன்னிக்குச் சிக்னல்ல நின்னுச்சா?"

"வண்டி நின்னுச்சும்மா. இன்ஜின் நிக்கல."